பூனைக்கு க்வென்ஹ்லியன் என்று பெயர் வைத்த கதை

என் பெயர் ‘விழி’ என்று முடியும். முழுப்பெயர் வேண்டாம், விடுங்கள். இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அது ‘வில்லி’ ஆகிவிட்டது. தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு இது எப்படிக் காதில் விழும் என்று சொல்லவே வேண்டாம். வகுப்பில் ஒருவர் பட்டியலைப் பார்த்து "மிஸ்... வில்லி?" என்று கூப்பிட, நானும் கையைத் தூக்க, ‘தூள்’ சொர்ணாக்கா ரேஞ்சுக்கு ஒரு ஃபீலிங் :-) மூன்றாவது வாரம் நானே எல்லோரிடமும் "கே என்று கூப்பிட்டால் போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு பூனையைப் பற்றி.

நான் வணிகவியல் படிப்பது வட வேல்ஸில் உள்ள பாங்கர் என்ற சின்ன ஊரில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, நடுவில் எப்போதும் மழை. ஒரு வயதான அம்மா வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவருக்கு 78 வயது. வட வேல்ஸில் பாட்டியை ‘நைன்’ என்பார்கள். பேரப்பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் நைன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. என்னை அவர் ‘கரியாட்’ என்பார். கண்ணு, செல்லம் என்கிற மாதிரி. ஆக, அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

போன நவம்பரில் ஒரு ராத்திரி, பின்வாசல் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூனை. சாம்பலும் கறுப்புமாக வரி வரியாக உடம்பு, இடது காதில் ஒரு கிழிசல். நனைந்து எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. நைன் "உள்ளே விடாதே, அப்புறம் போகாது" என்றார். சொல்லிவிட்டு அவரே பழைய துண்டை எடுத்து வந்தார். தெருக்கடைகளில் ‘இந்தப் பூனை உங்களுடையதா’ என்று இரண்டு வாரம் சீட்டு ஒட்டி வைத்தோம். ஒருவரும் வரவில்லை. நைன் சொன்ன மாதிரியே பூனையும் போகவில்லை.

அடுத்தது பெயர். நைன் ‘பூஸ்’ என்றுதான் கூப்பிட்டார். வெல்ஷில் எல்லாப் பூனையும் பூஸ்தான், நம்மூர் ‘மீனு’ மாதிரி. எனக்கு அது போதவில்லை. வேல்ஸில் கிடைத்த பூனை, அதற்கு அசல் வெல்ஷ் பெயர்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம். வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். மிஃபான்வி, பிளாட்வென், ஆங்ஹாரட், ரியானன் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து படிக்கிற ஒருவன், "யாராலும் உச்சரிக்க முடியாத பெயரா வை, செம காமெடியா இருக்கும்" என்றான். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. இங்கே பக்கத்துத் தீவில் 58 எழுத்துப் பெயர் கொண்ட ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1860களில் வெளியூர்க்காரர்களை இழுப்பதற்காகவே அந்த ஊர்ப் பெயரை அவ்வளவு நீட்டினார்களாம். இன்றைக்கும் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, வாசிக்கத் திணறி, சிரித்துவிட்டுப் போகிறார்கள். நானும் அங்கே நின்று எடுத்த படம் இருக்கிறது.

அந்த விளையாட்டு மனநிலையில்தான் ‘க்வென்ஹ்லியன்’ என்ற பெயரைப் பிடித்தேன். பாங்கருக்குத் தெற்கே தெரிகிற மலைகளில் ஒன்றின் பெயர் கார்னெத் க்வென்ஹ்லியன். 926 மீட்டர். முன்பு அதற்கு வேறு பெயர், 2009ல்தான் இதை வைத்தார்கள். மலைக்குப் பெயர் கொடுத்த அந்தப் பெண் யார் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு விளையாட்டு கொஞ்சம் குறைந்துவிட்டது.

க்வென்ஹ்லியன் 1282 ஜூனில் பிறந்தவள். பாங்கருக்குப் பக்கத்திலுள்ள அபெர்க்வின்க்ரேகின் என்ற கிராமத்தில் என்று சொல்கிறார்கள், பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். அப்பா லவெலின், வேல்ஸின் இளவரசர். பிரசவத்திலேயே அம்மா எலினார் இறந்துபோனார். அதே வருடம் டிசம்பர் 11ல் அப்பா இங்கிலாந்துப் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் சித்தப்பாவுக்கு மரண தண்டனை. மிஞ்சிய வாரிசுகளில் இந்தக் கைக்குழந்தையும் ஒருத்தி. அவளை வளரவிட்டால் நாளைக்கு யாராவது கல்யாணம் செய்துகொண்டு வேல்ஸுக்கு உரிமை கேட்பான். அதனால் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அவளைத் தூக்கிக்கொண்டு போய் லிங்கன்ஷரில் செம்ப்ரிங்ஹாம் என்ற இடத்திலுள்ள கன்னியர் மடத்தில் விட்டார். தொட்டில் குழந்தையாகப் போனவள் 1337ல் 54 வயதில் அங்கேயே இறந்தாள். இடையில் ஊருக்குத் திரும்பவே இல்லை.

எனக்குள் தைத்தது அடுத்த விஷயம். அந்தக் காலத்து ஏடுகளில் அவள் பெயர் வென்சிலியன், வென்ட்லியன் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அவளைச் சுற்றி வெல்ஷ் பேசத் தெரிந்த ஒருத்தர்கூட இருந்திருக்கமாட்டார்கள் போல. அரை நூற்றாண்டுக்கு மேல் தன் பெயரை யாரும் சரியாகச் சொல்லிக் கேட்காத ஒருத்தி!

அந்தப் பெயரில் சிக்கல் நடுவில் வருகிற ஒலிதான். ஆங்கில எழுத்தில் இரண்டு ‘எல்’ போடுவார்கள், ஆனால் வெல்ஷில் அது ஒரே எழுத்து. நாக்கு நுனியை ‘ல’ சொல்கிற இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல், மூச்சை மட்டும் நாக்கின் பக்கவாட்டில் ஊதவேண்டும். நான் ‘ஹ்லி’ என்று எழுதுவது ஒரு சமாளிப்புதான். நைன்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் சமையலறையில் உஸ்ஸு உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தேன். பூனை என்னையே முறைத்துப் பார்த்தது. அதற்கு அந்த ஒலி பிறவியிலேயே வரும், கோபம் வந்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் சீறும் :-) பதிலுக்கு நான் நைனுக்கு ‘ழ’ சொல்லிக்கொடுத்தேன். ‘தமிழ்’ என்பதைப் பத்து முறை சொல்லிப் பார்த்து, "உங்கள் நாக்கு மடங்குகிறது, எங்கள் நாக்கு ஊதுகிறது" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் எதற்காக அந்த ஒலியைக் கேட்கிறேன் என்று அதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு காலை தேநீர் குடிக்கும்போது சொன்னேன்.

"பூனைக்குப் பெயர் முடிவு பண்ணிட்டேன் நைன். க்வென்ஹ்லியன்."

சரியாக உச்சரித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. நைன் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அது மனுஷங்க பேரு" என்றார்.

இளவரசி கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தக் கதை எனக்குத் தெரியும் கரியாட். அது என் அம்மாவோட பேரு."

அப்புறம் அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். அம்மா ஆங்கிள்ஸி தீவில் ஒரு பண்ணைக் கூலி வீட்டில் பிறந்தவர். 15 வயதில் லிவர்பூலுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் வட வேல்ஸ் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். முதல் நாளே எஜமானியம்மா பெயரைக் கேட்டிருக்கிறார். சொன்னதும், "அதெல்லாம் எங்கள் வாயில் வராது, உன்னை மேரி என்று கூப்பிடுகிறோம்" என்றாராம். ஐந்து வருடம் மேரி. திரும்பி வந்து கல்யாணம் ஆனதும் பாதிப் பெயராக ‘க்வென்’. கடைகளிலும் ஆஸ்பத்திரியிலும் அதுதான். முழுப்பெயர் மறுபடி எழுதப்பட்டது சிற்றாலயத்துக் கல்லறையில்தான்.

"எங்கம்மா உயிரோட இருந்தப்போ யாரும் முழுசாச் சொல்லாத பேரை இப்போ ஒரு பூனைக்கு வைக்கிறியா?"

கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு முழுக்க யோசனை. நான் என்ன தப்பு செய்தேன்? நம் ஊரில் மணி என்று மாமாவும் இருப்பார், மணி என்று நாயும் இருக்கும், ஒரே வீட்டில்கூட. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் எங்கள் பாட்டியின் பெயரை யாராவது நாய்க்கு வைத்தால் அப்பா சும்மா விடுவாரா? மாட்டார். நம் தெரு நாய்களுக்கு டாமி, ஜிம்மி, ரோஸி, சீசர் என்று வெள்ளைக்காரப் பெயர்களாகத்தான் வைத்தார்கள். டாமி என்பது ஆங்கிலேயச் சிப்பாய்களைக் குறிக்கிற பட்டப்பெயர் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதில் எந்தச் சிப்பாய்க்கும் எதுவும் குறையவில்லை, அவர்களுடைய பெயர்களை உலகமே ஒழுங்காகச் சொல்லும். சொல்லச் சிரமப்பட்டு, சிரித்து, வெட்டி, மாற்றிய பெயர்களை எடுத்து விளையாடினால்தான் வலிக்கிறது. வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். 19ஆம் நூற்றாண்டில் பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதற்கப்புறமும் மிஞ்சி வந்த பெயர்கள் இவை.

இதில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இங்கே பெத்கெலர்ட் என்று ஓர் அழகான ஊர். ‘கெலர்ட்டின் கல்லறை’ என்று அர்த்தம். கெலர்ட் என்பது ஓர் இளவரசரின் வேட்டை நாயாம். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நாயின் வாயில் ரத்தம், குழந்தையைக் காணோம். இளவரசர் நாயை வெட்டிவிட, தொட்டிலுக்குக் கீழே குழந்தை பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் செத்த ஓநாய். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நம் கீரிப்பிள்ளை கதையேதான். பஞ்சதந்திரத்தில் வருவது, சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையிலும் வருவது. பாம்பு ஓநாயாகிவிட்டது, கீரி நாயாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர் விடுதிக்காரர் ஒருவர் வியாபாரத்துக்காக இந்தக் கதையைப் பரப்பி, கல்லறையையும் எழுப்பினார் என்கிறார்கள். வணிகவியல் மாணவியாக அவரை மதிக்கிறேன், பிரமாதமான மார்க்கெட்டிங்! ஆனால் அந்த ஊரின் பெயர் அநேகமாக கெலர்ட் என்ற பழைய கிறிஸ்தவத் துறவியிடமிருந்து வந்தது. இன்று துறவியை யாருக்கும் தெரியாது, எல்லோரும் நாய்க்குப் பூ வைக்கிறார்கள். ஒரு மனிதரின் பெயரை ஒரு நாய் முழுசாகச் சாப்பிட்டுவிட்டது. அதுவும் இல்லாத நாய்!

வெல்ஷ்காரர்களுக்குப் பூனை மேல் மரியாதை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 10ஆம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தா பெயரில் வழங்கும் பழைய சட்டங்களில் பூனைக்கே தனி விலை உண்டு. கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்து எலி பிடிக்கும்வரை இரண்டு. எலி பிடிக்க ஆரம்பித்துவிட்டால் நான்கு. விற்கிற பூனைக்குக் காது கேட்கவேண்டும், கண் தெரியவேண்டும், நகம் உடையாமல் இருக்கவேண்டும். குறை இருந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். தேய்மானம் கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துப்போன எனக்கு, வயதாக ஆக மதிப்பு கூடுகிற சொத்தைப் பார்த்ததும் குஷி. நைனிடம் ஓடிப்போய் சொல்லலாம் என்று படியில் பாதிவரை இறங்கினேன். அப்போதுதான் உறைத்தது: அந்தச் சட்டத்தில் பூனைக்கு விலை இருக்கிறது, பெயர் இல்லை. நைன் கேட்டது விலையைப் பற்றி இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதற்காக எனக்கு இந்தப் பெயர்மேல் இவ்வளவு பிடிவாதம்? என் பெயரை யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று வருத்தம். ஆனால் சொல்லச்சொல்லி நான் யாரிடமும் கேட்டதே இல்லை. நைனின் அம்மாவுக்கு எஜமானியம்மா பெயரை மாற்றினார். அவருக்கு வேறு வழியில்லை, சம்பளம் வேண்டும். என் பெயரை மாற்றியது யார்? நானே! யாரும் கேட்காமலே ‘கே’ என்று வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பூனைக்கு மட்டும் முழுப்பெயர் வைத்து, எல்லோரும் அதைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்காகச் செய்யத் துணியாததைப் பூனையை வைத்துச் செய்யப் பார்த்திருக்கிறேன்.

இறங்கிப் போய் நைனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பூஸ்னே இருக்கட்டும் நைன்" என்றேன். வில்லி கதையையும் சொன்னேன். நம்மூரில் வில்லி என்றால் என்ன என்று சொன்னதும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம், "உன் பேரை ஒரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். ‘ழி’ வரவில்லை, ‘ரி’க்கும் ‘லி’க்கும் நடுவில் எங்கேயோ நின்றது. விடாமல் நாலைந்து தடவை முயற்சி செய்தார். பூனையின் பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்துப் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கூடையை நான் தூக்கிக்கொண்டேன், நைன் குடை பிடித்தார். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி "பெயர்?" என்றாள். நான் ‘பூஸ்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"க்வென்ஹ்லியன்" என்றார் நைன்.

"க்வென்... லீயன்?"

"இல்லை. க்வென்-ஹ்லி-யன்." எழுத்து எழுத்தாகச் சொன்னார், நடுவில் வருவது ஒரே எழுத்து என்றும் சொன்னார். அந்தப் பெண் இரண்டாவது தடவையில் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டாள். நான் நைனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே மருத்துவமனைகளில் பிராணியின் பெயரோடு உரிமையாளரின் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஆக, மருந்துப் பெட்டியின் மேல் க்வென்ஹ்லியன் என்று போட்டு, பக்கத்தில் எங்கப்பா பெயர்! இதைப் பார்த்து நைன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மருத்துவரே வெளியே எட்டிப் பார்த்தார். பழைய வெல்ஷ் முறையும் நம் முறைதானாம். தனியாகக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். மகன் என்றால் ‘அப்’, மகள் என்றால் ‘வெர்ஹ்’. ஆங்கில முறை வந்த பிறகு அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது, அப் ஹவெல் என்பது பவல் ஆனது. அந்தக் கணக்குப்படி எங்கள் பூனை எங்கப்பாவின் மகள், எனக்குத் தங்கச்சி. ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். "ஏம்மா, அவ்ளோ தூரம் அனுப்பி வெச்சா, பூனைக்கு என் பேரை இனிஷியலா போட்டு வெச்சிருக்கியா?" என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, "அது என்ன சாப்பிடும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் நைன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "க்வென்னு சுருக்கக் கூடாது. கூப்பிட்டா முழுசாக் கூப்பிடு." சரி என்றேன். அவர் மட்டும் இன்றுவரை பூஸ் என்றுதான் கூப்பிடுகிறார். அவரால் அந்தப் பெயரைப் பூனையிடம் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன், நானும் கேட்கவில்லை. ராத்திரி பின்வாசலைத் திறந்து க்வென்ஹ்லியன் என்று நான் கத்தும்போது மட்டும், உள்ளே அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார்.

இந்தப் பருவத்தின் முதல் வகுப்பில் புதிதாக வந்த பேராசிரியர் பட்டியலைப் பார்த்துத் தயங்கினார். வழக்கம்போல "கே" என்று சொல்ல வந்து நிறுத்தினேன். முழுப்பெயரையும் மெதுவாகச் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார், தப்பு. இன்னொரு தடவை, அதுவும் தப்பு. வில்லியாகவும் வராமல் விழியாகவும் வராமல் ஏதோ ஒன்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் அவர் விடவில்லை, பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, "அடுத்த வாரம் சரியாகச் சொல்கிறேன்" என்றார்.

அடுத்த வாரமும் தப்பாகத்தான் சொன்னார் :-) பரவாயில்லை, முழுசாகச் சொன்னார்.

பி.கு: பூனை இதுவரை ஒரு எலிகூடப் பிடிக்கவில்லை. ஹவெல் தா சட்டப்படி இன்னும் இரண்டு பென்னிதான். உங்கள் வீட்டு நாய், பூனைக்கு என்ன பெயர்? யார் பெயரை வைத்தீர்கள், அவர்களுக்குத் தெரியுமா?